அந்த வீட்டில் நான் குடித்த மைலோ

புதிதாக நர்ஸ் பணிக்கு வந்திருக்கும் தங்கைகளுக்கு,

பணி அனுபவம் ஒன்றை எழுதித் தரச் சொன்னீர்கள். வெள்ளத்தில் படகேறிப் போய்ப் பிரசவம் பார்த்த கதை, மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து எழுந்து அப்படியே தடுப்பூசி போடப் போன கதை எல்லாம் என்னிடம் கைவசம் இருக்கின்றன. எல்லாமே நான் கெட்டிக்காரியாக வரும் கதைகள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் சொல்லுவேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் அவற்றில் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவுக்கு வடக்கே என் கிளினிக் வட்டாரத்தில் நர்ஸை மிஸ்ஸி என்பார்கள், எனக்கு ‘சிலி பாடி மிஸ்ஸி’ என்று பட்டப்பெயர். ஆள் ஐந்தடிகூட இல்லை, வாய் மட்டும் சிலி பாடி என்னும் அந்தக் குட்டி மிளகாயின் காரம். தாய்மார்களை நன்றாக ஏசுவேன். ஏசுவதற்கு எனக்கு உரிமை இருப்பதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நானும் தோட்டத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துத்தான் எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தார்கள். “எங்கம்மா விடியறதுக்கு முன்னாடி மரம் வெட்டப் போயிட்டு வந்து எங்களுக்குச் சோறு ஊட்டுனாங்க. உனக்கு வீட்டுல உட்கார்ந்து ஒரு பிள்ளைக்கு ஊட்ட முடியலையா?” இதுதான் எடை குறைந்த பிள்ளையைத் தூக்கி வரும் ஒவ்வொரு தாய்க்கும் நான் போடும் ரிக்கார்டு.

எங்கள் டாக்டரம்மா ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர். தங்கமான மனுஷி. தோட்டத்து வீடுகளைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்பார். “நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னால் சரி” என்பார். அதைக் கேட்க எனக்கு உச்சி குளிர்ந்து போகும்.

உங்களுக்குத் தெரிந்த ஏற்பாடுதான். வருமானம் குறைந்த வீட்டில் ஒரு பிள்ளையின் எடை அட்டையில் உள்ள சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால், மாதா மாதம் ஒரு சாமான் கூடை கொடுப்போம். அரிசி, மாவு, நெத்திலி, சார்டின் டின், பிஸ்கட், பால்மாவு. சில மாதங்கள் கழித்து வீட்டைப் போய்ப் பார்த்து, தொடரலாமா நிறுத்தலாமா என்று எழுத வேண்டும். பட்டியலில் இடம் குறைவு, காத்திருக்கும் பிள்ளைகள் அதிகம். அதனால் வீட்டைப் பார்த்து வந்த மிஸ்ஸி எழுதும் நாலு வரிதான் பெரும்பாலும் முடிவு.

சரளா அப்படிக் கூடை வாங்கிக்கொண்டிருந்தவள். இருபத்தேழு வயது இருக்கும். ரப்பர் போய் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில், இடிக்காமல் மிச்சம் விட்டிருந்த தொழிலாளர் லயத்து வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தாள். கணவன் லோரியில் கெலிண்டான், சாமான் ஏற்றி இறக்கும் வேலை. லோரி ஓடினால்தான் சம்பளம். மூன்று பிள்ளைகள். மூத்தவர்கள் இருவரும் பள்ளிக்குப் போகிறவர்கள். கடைசிப் பிள்ளை கவிஷாவுக்கு ஒன்றே கால் வயது. கூடை கொடுக்க ஆரம்பித்து மூன்று மாதமாகியும் அவள் ஏழு கிலோவிலேயே நின்றாள்.

ஏன் ஏறவில்லை என்று பார்க்கத்தான் போனேன். முதல் நாளே போன் செய்தேன்.

“நாளைக்குக் காலையில வாரேன் சரளா. வீட்டுல இரு.”

“வாங்க மிஸ்ஸி, இருக்கேன்.”

கிளினிக் வேனை ஓட்டியவர் ஒரு மலாய்க்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் பாக்சிக், அதாவது மாமா. வீடுகளுக்குப் போனால் அவர் உள்ளே வரவே மாட்டார். யார் எவ்வளவு வருந்தி அழைத்தாலும் கையால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வேன் நிழலில் நின்று தன் பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பார். நம்மவர் வீட்டுக் கோப்பை அவருக்கு ஆகாது போலிருக்கிறது என்று நானாக ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, அந்த வருத்தத்தை மனதில் வைத்திருந்தேன்.

நான் போனபோது சரளா வீட்டு வாசல் கூட்டித் தெளித்திருந்தது. நடுவீட்டில் எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்த கையோடு சாசரில் வைத்த கோப்பையில் மைலோ வந்தது. பால் தாராளமாக ஊற்றியது, நல்ல கெட்டி. பக்கத்தில் ஒரு தட்டில் பிஸ்கட்.

“எதுக்கு சரளா இதெல்லாம்?”

“வெயில்ல வந்திருக்கீங்கல்ல மிஸ்ஸி. குடிங்க.”

அன்று பள்ளி விடுமுறை. மூத்த பிள்ளைகள் இருவரும் கதவோரம் நின்றார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் நீட்டினேன். இருவரும் ஒரே நேரத்தில் அம்மாவைப் பார்த்தார்கள், பிறகு “வேணாம் மிஸ்ஸி” என்றார்கள். பிள்ளைகளை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அந்த பிஸ்கட்டை மைலோவில் முக்கி நானே தின்றேன்.

“பால் கலக்கிக் குடுக்கிறியா?”

“குடுக்கிறேன் மிஸ்ஸி.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

அவள் தரையைப் பார்த்தாள். “ரெண்டு... மூணு தடவை மிஸ்ஸி.”

பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது சரிதான், அவள் பொய்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பொய்க்கு நான் கண்டுபிடித்த காரணம் வேறு. வந்தவளுக்கு இப்படிப் பால் ஊற்றி மைலோ கலக்கத் தெரிகிறது, வீட்டில் பிஸ்கட் இருக்கிறது, சுவரில் டிவி ஓடுகிறது, பெற்ற பிள்ளைக்கு ஊட்டத்தான் சோம்பல். இப்படித்தான் கணக்குப் போட்டேன். கோப்பையைக் காலி செய்துவிட்டு வேனில் ஏறி, அட்டையில் எழுதினேன்: “வீட்டில் உணவுக்குக் குறைவில்லை. தாயின் அக்கறை போதவில்லை. உதவியை நிறுத்தலாம். அறிவுரை தேவை.”

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். கூடை வேறொரு வீட்டுக்குப் போனது.

அடுத்த மாதம் சரளா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். எடை அரைக் கிலோ இறங்கியிருந்தது. அன்று நான் சிலி பாடிக்கும் மேல் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் எதிரிலேயே கேட்டேன்.

“டிவி பார்க்க நேரம் இருக்கு, பிள்ளையைப் பார்க்க நேரம் இல்லையா? பெத்தா மட்டும் போதுமா?”

அவள் பிள்ளையின் சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனாள். அதற்கடுத்த மாதம் வரவில்லை. போன் செய்து, நாளைக்கு வருகிறேன் என்றேன். “வாங்க மிஸ்ஸி” என்றாள், முன்பு போலவே மரியாதையாக.

மறுநாளும் அதே நாற்காலி, அதே சாசர். பிஸ்கட் மட்டும் இல்லை. கவிஷா புவாயானில் கிடந்தாள், விட்டத்தில் ஸ்பிரிங் மாட்டித் தொங்கவிட்ட துணித் தொட்டில்.

“தூங்குதா?”

“தூங்குது மிஸ்ஸி. ராத்திரியெல்லாம் இருமிச்சு.”

தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பேச வேண்டியிருந்தது. அரை மணி நேரம் பேசினேன். முட்டை, கீரை, பருப்பு, கை கழுவுதல் எல்லாம். அவள் நின்றுகொண்டே கேட்டாள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அந்தத் துணி ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், தொடங்கியிருந்ததால் மைலோவில் பாதியை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

செம்மண் சாலை தார் ரோட்டில் சேரும் இடத்துக்கு வந்ததும் எழுத அட்டையை எடுத்தேன். மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. பாக்சிக் வேனைத் திருப்பினார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது.

நான் இறங்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் சரளா வீட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் நான் உட்கார்ந்த நாற்காலி, மறு கையில் அந்த சாசர். என்னைக் கண்டதும் திருடியவள் போல நின்றுவிட்டாள்.

உள்ளே சரளா தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் மிச்சம் வைத்த மைலோவில் சுடுதண்ணீர் ஊற்றி மூன்று தம்ளரில் பங்கு வைத்திருந்தாள். அன்று பள்ளிக்குப் போகாத பெரிய பிள்ளைகள் இருவரும் தங்கள் பங்கைக் குடித்து முடித்து, விரலை விட்டு அடியை வழித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தம்ளரை மடியிலிருந்த கவிஷாவின் வாயில் வைத்திருந்தாள். பிள்ளை விழுங்கவில்லை. மைலோ கடைவாய் வழியாக வழிந்து கழுத்தில் இறங்கியது.

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் ஈப்போவிலிருந்து இந்த வழி கண்டுபிடித்து வருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். வேனில் நோயாளியை ஏற்றக் கூடாது என்பது விதி. பாக்சிக்கைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே பின்கதவைத் திறந்து, தடுப்பூசிப் பெட்டிகளை ஒதுக்கி இடம் செய்துகொண்டிருந்தார். பெரியவர்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏறினோம். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தபடி ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டு போனேன். சரளா அழவில்லை. பாதி வழியில் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

“கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. கூடை நின்னப்ப டின்னு அடியில கொஞ்சம் பால்மாவு இருந்துச்சு. நீங்க என்னைக்காச்சும் வருவீங்கன்னு அதை எடுத்து வச்சிட்டேன். அவளுக்குக் குடுத்திருக்கணும்.”

“மைலோ?”

“பக்கத்து வீட்டு அக்கா குடுத்தாங்க. வந்தவங்களுக்கு வெறும் தண்ணி எப்படிக் குடுக்கிறது?”

பிறகு நான் கேட்காமலேயே மற்றதையும் சொன்னாள். ஒரு டின் பால்மாவை மூன்று பிள்ளைகளும் குடித்தால் பன்னிரண்டு நாள்கூட வராது. பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒருத்திக்கு மட்டும் கலக்கிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. டின் தீர்ந்த பிறகு கஞ்சித் தண்ணீரும் வெறும் டீயும்தான். அதைச் சொன்னால் ‘கவிஷாவுக்குக் கொடுத்ததை ஏன் மற்றவர்களுக்குக் கொடுத்தாய்’ என்று நான் ஏசுவேன் என்று பயந்து, இரண்டு மூன்று தடவை என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பயமும் சரிதான். நிச்சயம் ஏசியிருப்பேன்.

ஈப்போ மருத்துவமனையில் பிள்ளையை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நுரையீரலில் கிருமி. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் அங்கிருந்த டாக்டர். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அன்று மாலைவரை எனக்கும் அது தெரியாது. என்னுடைய பயத்தில் கொஞ்சம் உங்களுக்கும் இருக்கட்டும் என்று விட்டேன்.

திரும்பி வரும்போது பாக்சிக்கிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் பாலை நான் குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே மலாயில் பேசினார்.

“நான் உள்ள வந்தா இன்னொரு கப் கலக்கணும். அதனாலதான் வர்றதில்ல. நான் பாகான் செராய்க்காரன். எங்கப்பா அடுத்தவங்க வயல்ல வேலை செஞ்சவர். வீட்டுக்கு ஆள் வந்தா எங்கம்மா பின்கதவு வழியா ஓடி முட்டை வாங்கிட்டு வருவாங்க. வந்தவர் திங்கிறதை நாங்க ஜன்னல் வழியாப் பார்ப்போம்.”

“ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல பாக்சிக்?”

அவர் சங்கடத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். “மிஸ்ஸி தோட்டத்துல பிறந்தவங்க. தெரிஞ்சுதான் குடிக்கிறீங்கன்னு நெனச்சேன்.”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. எனக்குத் தெரியாதா என்ன? தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதிரி மருந்து கொடுத்த டிரஸ்ஸர் எங்கள் லயத்துக்கு வந்தால் அம்மா உறியிலிருந்து இறக்கும் பால் டின்னை நாங்கள் வருஷத்துக்கு இரண்டு முறை கண்ணால் பார்ப்போம். அவர் எழுந்து போகும்வரை நாங்கள் ஐந்து பேரும் வெளியே நிற்க வேண்டும். கோப்பையில் எவ்வளவு மிச்சம் வைப்பார் என்பதுதான் எங்களுக்கு அன்றைய பெரிய கேள்வி. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார ஆரம்பித்த பிறகு, அத்தனையும் எனக்குச் சௌகரியமாக மறந்துபோனது. எங்களுக்கு யாரும் கூடை கொடுக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளுக்கு, நாங்கள் பசியோடு நின்றது மட்டும் ஞாபகம் வரவில்லை.

இதுவரை சொன்னது தப்பு. தப்பு யாருக்கும் நேரும். இனிமேல் சொல்லப்போவதுதான் அசிங்கம்.

மறுநாள் அந்தக் குடும்பத்துக்குக் கூடையைத் திரும்பக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. அட்டையில் என் கையெழுத்தில் “தாயின் அக்கறை போதவில்லை” என்று இருந்தது. அதற்குக் கீழே “மேலே நான் எழுதியது தவறு” என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா அதைப் படிக்கும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தேன். கடைசியில் “குடும்ப நிலை மாறிவிட்டது, கணவருக்கு வேலை குறைவு” என்று எழுதினேன். கூடை திரும்ப வந்தது, இந்த முறை மூன்று பிள்ளைகளையும் கணக்கில் சொல்லிக் கூடுதலாகவே வாங்கிக் கொடுத்தேன். விதியை மீறி வேனில் ஏற்றிப் பிள்ளையைக் காப்பாற்றியதற்கு மாதாந்திரக் கூட்டத்தில் எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். நானும் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன்.

அந்த அட்டை இன்னும் உங்கள் அலமாரியில்தான் இருக்கும். எடுத்துப் பார்ப்பவர்களுக்கு, நல்ல நாளில் பிள்ளையைக் கவனிக்காத, கஷ்ட காலத்தில் நம்மிடம் வந்து நின்ற ஒரு தாயாகத்தான் சரளா தெரிவாள்.

வீடுகளுக்குப் போகும்போது உங்கள் தண்ணீரை நீங்களே எடுத்துப் போங்கள். விரதம் என்று சொல்லுங்கள், டாக்டர் இனிப்பு வேண்டாம் என்றார் என்று சொல்லுங்கள், எந்தப் பொய்யும் சொல்லலாம். முகத்தில் அடித்தாற்போல் மட்டும் மறுக்காதீர்கள். வறுமை தன்னை மூடி மறைத்துக்கொள்ளத்தான் பாடுபடும், நாம் வருகிறோம் என்று தெரிந்தால் இன்னும் அதிகமாக. உங்கள் முன்னால் எடுத்து வைப்பதைப் பார்த்து அந்த வீட்டை எடை போடாதீர்கள். பிள்ளைக்குக் கொடுக்கிறாயா என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரே பதில்தான் வரும். டின் எத்தனை நாளில் தீர்கிறது, தீர்ந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். எனக்கு அது முப்பது வருஷம் கைவரவில்லை. தொட்டிலில் பிள்ளை இருந்தால் தூங்கினாலும் எழுப்பிப் பாருங்கள்.

இதையெல்லாம் அன்றைக்கே ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாய்ப்பு வந்தது, வராமல் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் சரளா கவிஷாவுக்குத் தடுப்பூசி போட அழைத்து வந்திருந்தாள். பள்ளிக்குப் போகும் வயது. உயரம் கம்மிதான், அது இனி வராது. ஆனால் நல்ல துடுக்கு. பெஞ்சில் அவர்களுக்குப் பக்கத்தில் சின்ன வயதுத் தாய் ஒருத்தி கைப்பிள்ளையோடு அழுதுகொண்டிருந்தாள். அறைக்குள் எங்கள் இளைய மிஸ்ஸி ஒருத்தி எடை ஏறவில்லை என்று ஏசி அனுப்பியிருந்தாள். அந்த ஏச்சுகூட என்னிடம் கற்றதுதான், வார்த்தைக்கு வார்த்தை. நான் நம்பர் சீட்டுகளோடு வாசலில் நின்றிருந்தேன்.

சரளா அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“அழாதலா. மிஸ்ஸி ஏசுனா நம்ம நல்லதுக்குத்தான். நானும் உன்ன மாதிரிதான், சரியாப் பார்க்காம விட்டுட்டேன். இவளை நானே கொன்னுருப்பேன். இந்த மிஸ்ஸி அப்பவே எனக்குச் சொன்னாங்க, எனக்குத்தான் புத்தி இல்ல. அவங்கதான் காப்பாத்துனாங்க.”

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சரளாவும் பார்த்தாள், கண்ணில் நன்றியோடு. ‘நீ ஒரு தப்பும் செய்யவில்லை சரளா, தப்பு என்னுடையது.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வினாடிகூட ஆகாது.

நான் கையிலிருந்த சீட்டைப் பார்த்து, அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.